மாசாமாசம் காசு பிடிக்கிற சப்ஸ்கிரிப்ஷன எங்க தேடுறது, எப்படி நிப்பாட்டுறது: நாலு போன்ல பாத்துட்டு எழுதுற ரிவியூ

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க சித்தப்பா பாஸ்புக்கோட வீட்டுக்கு வந்தாரு. நாங்க கம்பம், அவரு கம்பமெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் எஸ்டேட்ல கங்காணி வேலை பாக்குறாரு, இருட்டோட ஜீப் ஏறுனா சாயந்தரம்தான் எறங்குவாரு. வந்தவர் உக்காரக்கூட இல்ல. "ஏம்மா, எவனோ பேங்குல என் காசத் திருடுறாம்மா, மாசம் பொறந்தா 299 காணோம்"னு பாஸ்புக்க நீட்டுனாரு. பாத்தா நெசந்தான், அஞ்சு மாசமா 299, 299னு வரிசையா போயிருக்கு, மொத்தம் 1495 ரூபா. இதுக்காக ஒரு நாள் வேலைக்குப் போகாம பேங்குல மதியம் வரைக்கும் நின்னிருக்காரு, அங்க இருந்தவங்க பாஸ்புக்க என்ட்ரி போட்டுக் குடுத்து "நீங்கதான் பெர்மிஷன் குடுத்திருக்கீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எந்த பெர்மிஷன், யாருக்குக் குடுத்தாருன்னு அவருக்கும் தெரியல, எங்க நிப்பாட்டணும்னு அங்கயும் யாரும் சொல்லல. அதுல இருந்து கூலிய பேங்குல போடுறதயே விட்டுட்டு அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்காருன்னு சித்தி சொன்னப்ப எனக்கு மனசே கேக்கல.

அன்னைக்கு முழுக்க உக்காந்து அவரு போன், அம்மா போன், என் போன், கொழுந்தனாரோட ஐபோன்னு நாலையும் தேடுனேன். காசு போற வழி ஒண்ணு இல்லங்க, நாலு வழி இருக்கு. ஒரு எடத்துல பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போன மூடி வெச்சிட்டா மிச்ச மூணுலயும் காசு போய்க்கிட்டே இருக்கும்.

முதல்ல ப்ளே ஸ்டோர். தெறந்து மேல வலது ஓரத்துல இருக்குற நம்ம படத்தத் தொட்டா பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்னு ஒண்ணு வரும், அதுக்குள்ள சப்ஸ்கிரிப்ஷன்ஸ், போன் தமிழ்ல இருந்தா சந்தாக்கள்னு இருக்கும். இந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எந்த ஆப், எவ்வளவு, அடுத்து எந்தத் தேதின்னு சுத்தமா காட்டுது, கேன்சல் பட்டனும் அங்கயே இருக்கு, கேன்சல் பண்ணாலும் கட்டுன காசுக்கு உண்டான நாள் வரைக்கும் அந்த ஆப் ஓடும், அதனால கடைசி நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல. என் போன்ல ஃபோட்டோ வெக்கிற கூகுள் ஒன் மட்டும் மாசம் 130 ரூபான்னு இருந்துச்சு, அது நான் தெரிஞ்சே போட்டது, புள்ளைங்க சின்ன வயசு ஃபோட்டோ பூரா அதுலதான் இருக்கு, அது இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா ஒரு விசயம், என் போன்ல ரெண்டு ஜிமெயில் இருக்கு, இன்னொன்னு பையன் கேம் வெளையாட போட்டுக்கிட்டது. நம்ம படத்தத் தொட்டு அந்த அக்கவுண்ட்டுக்கு மாத்திப் பாத்தாதான் அதோட லிஸ்ட் வருது, அதுல ஒரு கேமுக்கு மாசம் 89 ரூபா போய்க்கிட்டு இருந்துச்சு. எத்தனை ஜிமெயில் இருக்கோ அத்தனையும் மாத்தி மாத்திப் பாருங்க.

சித்தப்பா போன்ல இந்தப் பக்கம் காலியா இருந்துச்சு. அவரும் "அந்த ஆப்பத்தான் அன்னைக்கே அழிச்சிட்டேனேம்மா"ன்னாரு. இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ஆப்ப போன்ல இருந்து அழிச்சா ஆப்தான் போகும், காசு பிடிக்கச் சொல்லி நாம குடுத்த அனுமதி அப்படியே இருக்கும்.

அந்த அனுமதி இருக்குற எடம் யூபிஐ ஆட்டோபே. 2020ல, யூபிஐய நடத்துற என்பிசிஐ கொண்டு வந்தது. ஒரு தடவ பின் போட்டு சரின்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் பின் கேக்காது, 15,000 ரூபா வரைக்கும் தானா எடுத்துக்கும், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் இதுக்கெல்லாம் 1 லட்சம் வரைக்கும். ஜிபேல நம்ம படத்தத் தொட்டா கீழ ஆட்டோபேன்னு இருக்கு, போன்பேலயும் படத்தத் தொட்டு உள்ள போனா கெடைக்கும். சித்தப்பா போன்ல ரெண்டு யூபிஐ ஆப் இருந்துச்சு, ஒண்ணுல ஒண்ணுமே காட்டல, நான் பேங்க் தப்போன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன், இன்னொன்னத் தெறந்தா அங்க உக்காந்திருக்கு.

அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு அப்படியே சொல்றேன். மேல ஒரு கம்பெனி பேரு, அத அவரு சென்மத்துல கேட்டதில்ல. ஆப்போட பேரு ஒண்ணு, அத நடத்துற கம்பெனி பேரு வேற, பாஸ்புக்லயும் இங்கயும் வர்றது கம்பெனி பேரு. அதனாலதான் பேரப் பாத்துத் தேடாம தொகையையும் தேதியையும் பாத்துத் தேடணும். கீழ "5000 வரைக்கும்"னு போட்டிருந்துச்சு. மாசம் போறது 299, ஆனா அவரு அனுமதி குடுத்திருக்கறது ஒரு தடவைக்கு 5000 வரைக்கும். அதுக்கும் கீழ எப்பெப்ப எடுக்கலாம்ங்கற எடத்துல மாசாமாசம்னு கூட இல்ல, அவங்க கேக்கறப்ப எல்லாம்ங்கற மாதிரி இருந்துச்சு. ஆரம்பிச்ச தேதியப் பாத்ததும்தான் சித்தப்பாவுக்கு நெனப்பு வந்துச்சு. ஜீப்புக்குக் காத்து நின்னப்ப ராசிபலன் பாக்குற ஆப் ஒண்ணு, 1 ரூபா மட்டும் கட்டுங்கன்னு பெருசா போட்டிருந்திருக்கு, ஒரு ரூபாதானேன்னு பின் போட்டுட்டாரு. அந்த ஒரு ரூபாய்க்கு அடியில சின்ன எழுத்துல, அதுவும் இங்கிலீசுல இருந்தத அவரு எப்படிப் படிப்பாரு?

காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னாடி மெசேஜ் வரணும்ங்கறது ரிசர்வ் பேங்க் ரூல். வந்துதான் இருக்கு, நான் தேடி எடுத்தேன், அஞ்சும் இருந்துச்சு. ஆனா மேல எஸ்டேட்ல டவர் கெடையாது, சாயந்தரம் ஜீப் எறங்கி வர்றப்ப ஒரே நேரத்துல இருவது மெசேஜ் விழும், எல்லாம் இங்கிலீசு, அவரு தமிழ் மட்டும்தான் படிப்பாரு. இந்த மெசேஜ அந்தந்தப் பாசையில அனுப்பணும்னு யாராவது கட்டாயம் பண்ணுனா பாதிப் பேரு காசு தப்பிச்சிரும். காசு எடுக்குற நேரமும் 2025 ஆகஸ்ட்ல இருந்து மாத்தியிருக்காங்க, காலை 10க்கு முன்னாடி, மதியம் 1 மணில இருந்து 5 மணி வரைக்கும், ராத்திரி 9.30க்கு மேல. இவருக்குப் போனது எல்லாம் அவரு மலைமேல இருந்த நேரம்.

நிப்பாட்டுறப்ப யூபிஐ பின் கேக்குது. ஏலக்காய் எடுத்து எடுத்து விரல் பூரா கறை ஏறி சித்தப்பாவுக்குக் கைரேகையே போன்ல பிடிக்காது, நம்பர் போட்டுத்தான் தெறப்பாரு. பின் போடறப்ப எங்கிட்டயே இன்னொரு கைய வெச்சு மறைச்சிக்கிட்டாரு. அது ரொம்பச் சரி, அப்படித்தான் இருக்கணும், பெத்த புள்ளயா இருந்தாலும் பின்ன சொல்லக் கூடாது, நிப்பாட்டித் தர்றேன்னு போன்ல கூப்பிட்டு பின் கேக்குறவன் யாரா இருந்தாலும் திருடன்தான். போட்டதும் ரத்து ஆயிருச்சுன்னு வந்துச்சு. மொத்தமா ரெண்டு நிமிசம் ஆகல. இந்த ரெண்டு நிமிச வேலை தெரியாமத்தான் அஞ்சு மாசம் அந்த மனுசன் தூங்காம கெடந்திருக்காரு.

ஒண்ணு கவனிங்க. ப்ளே ஸ்டோர் வழியா போட்ட சப்ஸ்கிரிப்ஷனுக்கு யூபிஐல காசு கட்டுனா ஆட்டோபே லிஸ்ட்ல கூகுள் ப்ளேன்னு வரும். அத அங்க ரத்து பண்ணாம ப்ளே ஸ்டோருக்குள்ள போய் கேன்சல் பண்றதுதான் சுத்தம். கடன் தவணை, இன்சூரன்ஸ் இதெல்லாமும் அதே லிஸ்ட்ல இருக்கலாம், பேரு தெரியலன்னு ஒரே மூச்சுல எல்லாத்தயும் ரத்து பண்ணிறாதீங்க.

இன்சூரன்ஸ்னதும் ஞாபகம் வருது. பாஸ்புக்ல 436 ரூபாயும் 20 ரூபாயும் மே மாசம் போயிருந்தத காட்டி சித்தப்பா "இதையும் நிப்பாட்டும்மா"ன்னாரு. அது ரெண்டும் பேங்க் வழியா சேந்த பிரதமர் காப்பீடு, 436 ஆயுள் காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு, ஒவ்வொண்ணும் 2 லட்சத்துக்கு, வருசத்துக்கு ஒரு தடவதான் எடுப்பாங்க. தெனம் அந்த மலை ரோட்டுல ஜீப்ல போயிட்டு வர்ற மனுசனுக்கு இத நிப்பாட்டலாமா? இது யூபிஐ லிஸ்ட்ல வராது, பேங்குலயே இருக்கும். எவ்வளவு சொல்லியும் நம்பாம சித்தியக் கூட்டிட்டு வந்து இன்னொரு தடவ சொல்ல வெச்சாரு.

மூணாவது வழி டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு. கார்டு நம்பர் குடுத்துப் போட்டது யூபிஐ லிஸ்ட்ல இருக்காது, பேங்க் ஆப்புக்குள்ள கார்டு பகுதியில பாக்கணும், இல்லன்னா முன்கூட்டி வர்ற மெசேஜ்ல நிப்பாட்ட வழி குடுத்திருப்பாங்க. எங்க நாலு பேருக்கும் இது இல்ல, அதனால நான் முழுசா பண்ணிப் பாக்கல.

நாலாவது போன் பேலன்ஸ். அம்மாவோடது குமுளியில வாங்குன கேரளா சிம், கஸ்டமர் கேர் கூப்பிட்டா மலையாளத்துலதான் ஆரம்பிக்கும், அம்மா பயந்து வெச்சிரும். காலர் டியூனுக்குன்னு காசு போய்க்கிட்டே இருந்துச்சு. இதுக்கு 155223ன்னு ஒரு நம்பர் இருக்கு, எந்த கம்பெனி சிம்மா இருந்தாலும் இதான், கூப்பிடக் காசு கெடையாது. கூப்பிட்டு நிப்பாட்டுனோம், ஒரே தடவையில ஆச்சு. ஐபோன்ல ப்ளே ஸ்டோர் கெடையாது, அதுக்குப் பதிலா கொழுந்தனாரு போன்ல செட்டிங்ஸ் தெறந்து மேல அவரு பேரத் தொட்டா சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வந்துருச்சு, அதான் இருக்கறதுலயே சுலபம். இலவச ட்ரையல் போட்டிருந்தா அது முடியறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே கேன்சல் பண்ணிரணும்.

போன காசுக்கு என்ன வழின்னு கேப்பீங்க. அந்த ஆப்காரங்களுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல. அப்புறம் 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுனாங்க, பாஸ்புக் பக்கத்தையும் ஆட்டோபே ஸ்க்ரீன்ஷாட்டையும் வெச்சு கம்ப்ளெயின்ட் பதிஞ்சேன். இப்படிச் சேத்துவிட்டுட்டு வெளிய வர விடாம பண்றத 2023 நவம்பர்ல மத்திய அரசு போட்ட விதியிலயே தப்புன்னு சொல்லியிருக்காங்க, மொத்தம் 13 மாதிரி ஏமாத்து வேலைய எழுதியிருக்காங்க, அதுல இதுவும் ஒண்ணு. கடைசி மாசத்து 299 மட்டும் திரும்ப வந்துச்சு, மிச்ச நாலு மாசத்துக்கு இன்னும் விடாம கேட்டுக்கிட்டு இருக்கேன். ரத்து பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க, எனக்கு அதான் கை குடுத்துச்சு.

மார்க் போடணும்னா ப்ளே ஸ்டோர் பக்கத்துக்கு 5க்கு 4, ஐபோனுக்கும் 4, 155223க்கு 5, ஆட்டோபே பக்கத்துக்கு 3. நிப்பாட்டுற வசதி ஒழுங்கா வேலை செய்யுது, அதுல கொறை சொல்ல முடியாது. ஆனா சேர்றதுக்கு ஒரு தட்டுல பெரிய பட்டன், நிப்பாட்டுற எடம் மட்டும் நாலு தட்டுக்கு உள்ள. யூபிஐ ஆப் தெறந்ததும் முதல் பக்கத்துலயே "உங்களுக்கு இத்தன ஆட்டோபே ஓடுது, மாசம் இவ்வளவு போகுது"ன்னு தமிழ்ல காட்டுனா நான் 5 குடுப்பேன்.

இத எழுதறப்ப இந்த மாசத்துத் தேதி தாண்டிருச்சு, 299 போகல. சித்தப்பா பானையில இருந்த காச எடுத்துட்டுப் போய் பேங்குல போட்டுட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை அவரு ஜீப்ல வர்றவங்க ஆறு பேரு போனக் கொண்டு வர்றாங்களாம், பாஸ்புக்கையும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.