பழைய காருக்கு வேறு ஆஃப்செட் வீல்: கொஞ்சம் மாற்றுவதா, வெளியே தள்ளுவதா, ஸ்பேசர் வைப்பதா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் வீல் ஆசை வந்தே தீரும். மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கும் அந்த மெலிந்த இரும்பு ரிம்மைப் பார்க்கவே பாவமாக இருக்கும். போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தினால் போதும் என்று வாங்கிவிடுகிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான்.

வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் (காரில் வீலை மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் வீலின் முகம் அதிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பாசிட்டிவ். எண் குறையக் குறைய வீல் மட்கார்டை விட்டு வெளியே வரும். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அகலத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

காரோடு வந்தது 5.5 அங்குல அகலம், 40 ஆஃப்செட் என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலம், 35 போட்டால் உள்ளே 1 மி.மீ.தான் கூடும், வெளியே 11. கண்ணுக்கு வித்தியாசம் தெரியும், கார் கண்டுகொள்ளாது. 7 அங்குலம், 25 என்றால் உள்ளே 4, வெளியே 34. மட்கார்டின் உள்மடிப்பு டயரை அறுக்குமா என்ற கவலை இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாவது, புதிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய 7 அங்குலம், 45. இது வெளியே 14தான், ஆனால் உள்ளே 24 மி.மீ. போய் ஸ்ட்ரட்டை (சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் ஷாக் அப்சார்பர் தூண்) உரசப் பார்க்கும்.

நான் வாங்கியது இந்த மூன்றாவது ரகம். நிறுத்தி வைத்திருந்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தது, டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையவில்லை என்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பயணம் போய்வந்து கழற்றினால் டயரின் உள்பக்கச் சுவரில் வளையல் மாதிரி பளபளவென்று ஒரு கோடு. சரி, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தகடு வைத்தால் போச்சு என்று வைத்தேன். முன்பு ஒன்பது சுற்று ஏறிய நட் இப்போது ஆறு சுற்றுக்கு முன்பே இறுகிவிட்டது. 12 மி.மீ. தடிமனுள்ள ஸ்டட்டில் (நட் ஏறும் போல்ட்) சுற்றுக்கு 1.5 மி.மீ. புரி என்றால், தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க எட்டு சுற்று வேண்டும். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

ஸ்பேசர் போட்டால் பேரிங் போய்விடும், ஆஃப்செட் குறைந்த வீல் போட்டால் ஒன்றும் ஆகாது என்று பலரும் சொல்வார்கள். அது தப்பு. 45 ஆஃப்செட் வீலுக்குப் பின்னால் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் அதுவும் 25தான், பேரிங்குக்கு இரண்டும் ஒரே சுமை. வித்தியாசம் இணைப்பில் இருக்கிறது. ஸ்பேசரில் இறுக்க வேண்டிய இடம் ஒன்று கூடுகிறது, நீள ஸ்டட் தேடணும், நடுவளையம் ஹப்பில் கச்சிதமாக உட்காராவிட்டால் வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கும். ஆகவே வெளியே தள்ளித்தான் ஆகணும் என்றால் சரியான ஆஃப்செட்டில் ஒரே துண்டாக வரும் வீல்தான் என் ஓட்டு.

ஆனால் தள்ளத்தான் வேண்டுமா? முன் சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சைத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் தற்செயலாக அமைந்தது அல்ல. 1972இல் வந்த ஆடி 80 போன்ற கார்களில் அந்த அச்சு டயர் நடுவைத் தாண்டி வெளியே விழும்படி வேண்டுமென்றே வைத்தார்கள், ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தாலும் கார் நேராகப் போக அது உதவும். ஆஃப்செட்டை 15 குறைத்தால் அந்த ஏற்பாட்டிலும் 15 மி.மீ. அடிவாங்குகிறது. ஓட்டும்போது எப்படித் தெரியும் என்றால், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டீரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். தேய்ந்த புஷ், ஆடும் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் இணைப்புகள்) உள்ள காரில் இது இன்னும் மோசம். பழைய கார் என்றாலே அவை பாதி தேய்ந்துதான் இருக்கும், அதை மாற்றாமல் வீலுக்குச் செலவழிப்பது எனக்குப் புரியாத விஷயம்.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்தது 6 அங்குலம், 35இல். நண்பர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி மேடு இறங்கினாலும் எங்கும் உரசவில்லை. அப்புறம், ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தான், அலாய் நட்டின் கூம்பு அதில் சரியாக உட்காராது. அதனால் பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.