பிட்காயினுக்கு எந்தக் குமிழி பொருந்தும்?

விலை கண்மூடித்தனமாக ஏறி, திடீரென உடைவதைக் குமிழி என்பார்கள். பிட்காயினும் அப்படித்தான் என்று கிண்டல் செய்ய வந்தவர்கள் முதலில் இழுப்பது டூலிப் பூவைத்தான். 1637 பிப்ரவரியில் ஹாலந்தின் ஹார்லெம் நகர ஏலத்தில் டூலிப் கிழங்கு வாங்க ஆளில்லாமல் போக, சில நாட்களில் ஹாலந்து முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டிலும் விலை ஏறிய வேகம் ஒரே மாதிரிதான், சரி. ஆனால் கிழங்கு மண்ணுக்குள் கிடக்க, மதுக்கடைகளில் கைமாறியது பிறகு பணம் தருகிறேன் என்ற பேச்சு மட்டுமே. மறுவருடம் ஹார்லெம் நகரசபை, பேசிய விலையில் 3.5 சதவீதம் கட்டினால் விலகிக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்து செய்து முடித்தது. டூலிப் மோகம் அதோடு சரி.

பிட்காயினோ விழுந்து விழுந்து எழுகிறது. 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கி, ஓராண்டில் 3,200 வரை இறங்கியது. 2021 நவம்பரில் 69,000ஐ எட்டி, மறுவருடம் 16,000க்குக் கீழே போனது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. டூலிப் ஒப்பீடு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுவது லண்டனின் சவுத் சீ கம்பெனி. 1720 ஜனவரியில் சுமார் 128 பவுண்டாக இருந்த பங்கு, கோடையில் 1,000ஐத் தொட்டு, வருடக் கடைசியில் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்தது. ஏற்றிவிட்ட வழியைப் பாருங்கள்: தன் பங்கையே அடமானமாக வாங்கிக்கொண்டு கம்பெனி கடன் கொடுத்தது, அந்தக் கடனில் மறுபடி அதே பங்கை வாங்கினார்கள். கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவிய எக்ஸ்சேஞ்ச் எஃப்டிஎக்ஸின் கதையும் இதேதான். அந்த எக்ஸ்சேஞ்ச் தானே அச்சடித்த எஃப்டிடி என்ற டோக்கன் (டிஜிட்டல் நாணயம்), அதன் சகோதர நிறுவனமான அலமேடாவின் கையில் குவிந்து, கடனுக்கு அடமானமாகவும் போனது. 2022 நவம்பரில் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடியபோது பெட்டியில் பணம் இல்லை. ஆனாலும் இது எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பொருந்தும் ஒப்பீடு. சவுத் சீ விழுந்தபோது அதன் டைரக்டர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள்; பிட்காயினுக்கு அப்படிப் பிடிக்க ஒரு டைரக்டர்கூடக் கிடையாது.

கிரிப்டோ ரசிகர்களுக்குப் பிடித்த ஒப்பீடு, இணைய நிறுவனப் பங்குகள் எகிறி விழுந்த டாட்காம் குமிழி. 2000 மார்ச்சில் 5,048இல் இருந்த நாஸ்டாக் (தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்கப் பங்குக் குறியீடு) 78 சதவீதம் சரிந்து, பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை ஆனது. குறியீடு மீண்டது, பெட்ஸ்.காம் போன்ற இணையக் கடைகள் மீளவில்லை. 2017இல் முளைத்த டோக்கன்களில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை, பிட்காயின் நிற்கிறது. அதுவரை ஒப்பீடு சரி. ஆனால் அமேசானுக்கு வியாபாரம் இருந்தது, வரவு இருந்தது. பிட்காயினுக்கு அடுத்து வாங்குபவர் கொடுக்கும் விலைதான் எல்லாம்.

அப்புறம் அந்த நான்கு வருடக் கணக்கு: புதிதாக உருவாகும் பிட்காயின்களின் அளவு சுமார் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2012, 2016, 2020, 2024 என்று புது நாணய வரத்து பாதியாகும்போதெல்லாம் விலை ஏறும் என்கிறார்கள். மூன்று நான்கு தடவை நடந்ததை வைத்து விதி எழுதுவது கொஞ்சம் அவசரம். 2024இல் பாதியாவதற்கு முந்தைய மாதமே பழைய உச்சம் உடைந்துவிட்டது. எனக்கென்னவோ வட்டி விகிதம்தான் பெரிய காரணமாகத் தெரிகிறது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஏற்ற பிட்காயின் சரிந்தது. அதே வருடம் நாஸ்டாக்கும் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. நாஸ்டாக்குக்குப் பாதியாகும் தேதி எதுவும் கிடையாது.