கூலிக்கா, சாமானோடா, கல் அரிவதா?

திருகோணமலையில் வீடு கட்டும் தொழிலில் இறங்க நினைக்கும் தம்பிமார் முதலில் கேட்பது, "எவ்வளவு காசு வேணும் அண்ணை?" என்றுதான். அது நீங்கள் எந்த வாசலால் உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கையில் காசு குறைவென்றால் வாசல் மூன்று: கூலிக்கு மட்டும் கொந்தராத்து எடுப்பது, சீமெந்து, மண், கம்பியும் நாமே வாங்கிப் போட்டுச் சாமானோடு எடுப்பது, சீமெந்துக் கல் அரிந்து விற்பது.

கல் அரிவதை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். அச்சு மலிவுதான். ஆனால் காணி வேண்டும், நாள்கணக்கில் கல்லை நனைக்கத் தண்ணீர் வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் அத்திவாரம் வெட்டுபவர்கள் குறைவு, போட்ட காசு கல்லாகவே முற்றத்தில் கிடக்கும். அவசரப்பட்டு நனைக்காமல் விற்றால் பெயர் கெடும்; விசயம் தெரிந்த மேசன் கல்லின் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், மண் உதிர்ந்தால் லொறியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

சாமானோடு எடுத்தால் இலாபம் கூட. ஆசை அங்கேதான் வருகிறது, ஆபத்தும் அங்கேதான். 2021 கடைசியில் உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டை அப்படிப் பேசி எடுத்தேன். அப்போது சீமெந்துப் பை ஆயிரத்துச் சொச்சம். அடுத்த ஆண்டு நடுவில் மூவாயிரம் வரை போய்விட்டது. சீமெந்து ஆலை இங்கே சீனன்குடாவில் இருந்தால் என்ன, அரைத்துச் சீமெந்தாக்குகிற கிளிங்கர் கட்டி கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் பையும் ஏறும். சாதாரண காலத்திலும் இதே கதைதான். 200 பை போகிற வேலையில் பைக்கு 200 ரூபா ஏறினாலே 40,000 போச்சு. பேசிய விலையை வீட்டுக்காரர் கூட்டித் தரமாட்டார். தரவும் இல்லை.

கூலிக் கொந்தராத்தில் சீமெந்து, மண், கம்பி எல்லாம் வீட்டுக்காரர் பாடு. சதுர அடிக்கு விலை பேசுகிறீர்கள், உங்களுக்கு இரண்டு மேசன், மூன்று கையாள், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, ஒரு கிழமைக் கூலிக்கான காசு இருந்தால் போதும். இலாபம் மெல்லியதுதான். இதிலும் ஒரு பொறி உண்டு: மண் வராத நாள். ஆற்றுமண் லொறி பிந்தினால் ஆட்கள் நிழலில் குந்தியிருப்பார்கள், அல்லது வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். எந்தத் திகதிக்கு எத்தனை கியூப் (நூறு கன அடி) மண், எத்தனை பை என்று எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதே தாளிலேயே, சாமான் பிந்தினால் ஆட்களுக்கு அரை நாள் கூலி வீட்டுக்காரர் பாடு என்றும் எழுதுங்கள். மண் வந்ததும் ஈரமாக ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பாருங்கள். கையில் சேறு ஒட்டினால் இறக்கவிடாதீர்கள். கடற்கரை மண்ணென்றால் கதையே வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

காசு வாங்குவதற்கு 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் முறையைப் பாருங்கள்: வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை நகர நகரக் கட்டங்கட்டமாக. அதுபோல அத்திவாரம், லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேல் போடும் கொன்கிரீட் வளை), கூரை, பூச்சு என்று பிரியுங்கள். பூச்சுக்கென்று பெரிய தொகையை விட்டுவைக்காதீர்கள். குடிபுகுந்தவரிடம் காசு வாங்குவது பெரும்பாடு.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், கொன்கிரீட் மிக்சரை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். உப்புவெளி வேலைக்காக நான் வாங்கியதற்குள் இப்போது எங்கள் வீட்டுக் கோழி அடைகாக்கிறது.