பாண்டாஸ் கற்றுத்தர எந்த நோட்புக்: ஜூபிட்டரா, கோலாபா, மாரிமோவா?

பாண்டாஸ், பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் நூலகம். நோட்புக், நிரலைச் செல் எனும் துண்டுகளாக எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் கருவி. 18% வரி சேர்க்க, விலை நெடுவரிசையை 1.18 ஆல் பெருக்கி, விடையை அதே நெடுவரிசையில் எழுதும் ஒரு செல். 100 ரூபாய் 118 ஆகிறது. மாணவர் அதே செல்லில் இன்னொரு தடவை ஷிஃப்ட்-என்டர் தட்டி ஓட்டினால் 139.24. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. நோட்புக்கில் பாண்டாஸ் படிப்பவர்களைக் குழப்பும் முதல் விஷயம் இதுதான். மூன்று கருவிகளையும் இந்த உரைகல்லில்தான் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பாடத்தை எழுத ஜூபிட்டர்லேப் (ஜூபிட்டர் நோட்புக்குகளைத் திறக்கும் இடைமுகம்), வகுப்பில் கொடுக்க கோலாப் (பிரவுசரில் ஓடும் கூகுளின் நோட்புக்), சில பாடங்களுக்கு மட்டும் மாரிமோ.

ஜூபிட்டரில் செல்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம். அழித்த செல்லில் உருவான மாறிகூட கெர்னலின் (பின்னணியில் நிரலை ஓட்டும் பைத்தான்) நினைவில் அப்படியே இருக்கும். அதனால் எழுதியவரின் கணினியில் ஓடும் பாடம் மாணவரிடம் 'அந்தப் பெயரில் மாறி இல்லை' என்று நேம்எரர் காட்டும். வெளியிடும் முன் கெர்னலை ரீஸ்டார்ட் செய்து எல்லாச் செல்களையும் மேலிருந்து ஓட்டுவது கட்டாயம். மாணவர் கணினியில் வரும் தொல்லை வேறு: பாண்டாஸ் ஒரு பைத்தானில் நிறுவப்பட்டிருக்கும், கெர்னல் இன்னொரு பைத்தானில் ஓடும். நூலகங்களை நிறுவும் பிப் கட்டளைக்கு முன் ஆச்சரியக்குறிக்குப் பதில் சதவீதக்குறி போட்டால், ஓடுகிற கெர்னலின் சூழலிலேயே நிறுவப்படும்.

கோலாபில் இந்த நிறுவல் தலைவலியே இல்லை. கூகுள் கணக்கும் பிரவுசரும் போதும், பாண்டாஸ் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ரன்டைம் (கூகுள் தற்காலிகமாகத் தரும் கணினி) துண்டிக்கப்பட்டு அழிந்தால், அதில் ஏற்றிய சிஎஸ்வி கோப்பும் போய்விடும். எட்டுப் பத்து வரிசை உள்ள தரவை முதல் செல்லிலேயே டிக்‌ஷனரியாக எழுதிவிடுங்கள். பெரிய தரவென்றால் இணைய முகவரியிலிருந்து நேராகப் படிக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் டிரைவில் தமக்கென ஒரு பிரதி எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் செய்த மாற்றம் சேமிக்கப்படாது.

பதிப்பு விஷயத்தில் கோலாபை நம்பி இருக்க முடியாது. அங்குள்ள நூலகங்களை கூகுள் அவ்வப்போது புதுப்பிக்கும். ஒரு நெடுவரிசையை எடுத்து, அதன் மேல் இன்னொரு அடைப்புக்குறி போட்டுச் சில வரிசைகளுக்கு மட்டும் மதிப்பு கொடுக்கும் பழைய எழுத்துமுறை பாண்டாஸ் 2-இல் எச்சரிக்கையோடு வேலை செய்யும். பாண்டாஸ் 3-இல் மூல அட்டவணை மாறவே மாறாது. பாடத்தில், வரிசையையும் நெடுவரிசையையும் ஒரே அடைப்புக்குறியில் குறிப்பிடும் 'லாக்' (loc) முறையை மட்டும் காட்டுங்கள். முதல் செல்லில் பாண்டாஸ் பதிப்பையும் அச்சிடுங்கள்.

மாரிமோ அடிப்படையிலேயே வேறு. எந்தச் செல் எந்த மாறியை நம்பியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஸ்லைடரை நகர்த்தினால் அதை நம்பிய வடிகட்டலும் வரைபடமும் தாமாகவே மறுபடி ஓடும். ரோலிங் சராசரியின் (அடுத்தடுத்த சில வரிசைகளுக்கு மட்டும் எடுக்கும் நகரும் சராசரி) சாளர அளவை 3-லிருந்து 30 வரை இழுத்துப் பார்க்கும் மாணவருக்கு ஒரு பத்தி விளக்கம் மிச்சம். செல்லை அழித்தால் அதன் மாறியும் அழியும், ஆகவே பேய் மாறிகள் இல்லை.

அதற்கு விலையும் உண்டு. ஒரே மாறியை இரண்டு செல்களில் உருவாக்க முடியாது. எல்லா எடுத்துக்காட்டிலும் அட்டவணைக்கு 'டிஎஃப்' (df) என்றே எழுதிப் பழகியவர்கள் பெயர்களை மாற்றியாக வேண்டும், அல்லது பெயருக்கு முன் அடிக்கோடு போட்டு அந்தச் செல்லுக்குள்ளேயே அடைக்க வேண்டும். கோப்பு வெறும் பைத்தான் நிரல் என்பதால், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் மாற்றங்களைப் படிப்பது சுலபம். அதே காரணத்தால், ஜூபிட்டர் கோப்பைப் போல அதற்குள் விடை அட்டவணைகள் இருக்காது; கிட்ஹப்பில் திறந்து வாசிக்கும் மாணவருக்கு நிரல் மட்டும்தான் தெரியும்.

139.24 சிக்கலை மாரிமோவும் தீர்க்காது. அட்டவணைக்கு உள்ளே நடக்கும் மாற்றத்தை அது கவனிப்பதில்லை. மூன்றிலும் தீர்வு ஒன்றே: விலையைத் தொடாமல், 'வரியுடன் விலை' என்று புது நெடுவரிசை உருவாக்குங்கள். செல்லை எத்தனை தடவை ஓட்டினாலும் 118தான்.