கோல்ட் விங், கே 1600, ஹார்லி அல்ட்ரா: தூரம் போறவங்க முதல்ல டயரையும் சர்வீஸையும் பாருங்க

ரெண்டு பேர், மூட்டை முடிச்சோட, டல்லாஸ்ல கிளம்பி கொலராடோ மலையெல்லாம் சுத்திட்டு வரணும்னா என் கணக்குல மூணு பெரிய டூரிங் பைக்தான். ஹோண்டா கோல்ட் விங் டூர், பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடிஎல், ஹார்லி அல்ட்ரா லிமிடெட். நான் எடுத்தது விங், அதுலயும் டிசிடி ஆட்டோமேட்டிக் மாடல், யூஸ்டு. அதனால என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், முதல்லயே சொல்லிடறேன். பிஎம்டபிள்யூவ டெஸ்ட் ரைடு போயிருக்கேன், நண்பரோட வண்டிய கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கேன். ஹார்லி ஒரு வீக்எண்ட் வாடகைக்கு எடுத்ததோட சரி.

எஞ்சின் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்றேன். கே 1600ல 1649 சிசி, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, 160 எச்பி, முறுக்கினா சும்மா அள்ளிக்கிட்டுப் போகும், ஓவர்டேக்ல அதுகூட மத்த ரெண்டும் போட்டி போடவே முடியாது. விங் 1833 சிசி, சிலிண்டருங்க பக்கத்துக்கு மூணா படுத்திருக்கும், 125 எச்பிதான், ஆனா பாரம் பூரா தரைய ஒட்டி இருக்கறதால 383 கிலோ வண்டிங்கறது உருள ஆரம்பிச்ச உடனே மறந்துபோகும். பிஎம்டபிள்யூ 358 கிலோதான், இருந்தும் சிக்னல்ல நிக்கும்போது எனக்கு அதுதான் மேல்பாரமா தெரிஞ்சுது. ஹார்லி 416 கிலோ, ரிவர்ஸும் கிடையாது, மத்த ரெண்டுலயும் உண்டு. சரிவான மோட்டல் பார்க்கிங்ல முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்து நின்னுடுச்சுன்னா ரிவர்ஸோட அருமை புரியும். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில்ல ஹார்லியோட பின் சிலிண்டர் தொடையில அனல் அடிக்கிறதையும் சொல்லியாகணும், நிக்கும்போது அந்த சிலிண்டர மட்டும் அணைக்கிற ஏற்பாடு வச்சிருக்காங்க, அப்படியும் சூடுதான்.

இப்ப என்னை முடிவு எடுக்க வச்ச விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி வண்டி வாங்கறவன் வருஷத்துக்கு பத்தாயிரம் மைல், பதினஞ்சாயிரம் மைல் ஓட்டுவான். அப்ப ஆயில், வால்வு, டயர் இந்த மூணும்தான் காசையும் லீவையும் தின்னும், எச்பி இல்ல. வால்வு கிளியரன்ஸ் செக், அதாவது எஞ்சின் வால்வோட இடைவெளி சரியா இருக்கான்னு அளந்து பார்க்கறது, பிஎம்டபிள்யூவுக்கு 18,000 மைலுக்கு ஒரு தடவை, விங்குக்கு 24,000. ரெண்டுலயும் 24 வால்வு, ஆனா விங்ல வால்வு இருக்கற சிலிண்டர் ஹெட்டு ரெண்டும் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கறதால மெக்கானிக்குக்கு கை போக வழி இருக்கு, கே 1600ல ஃபேரிங்ல (வெளிப்புற மூடிங்க) ஆரம்பிச்சு நிறைய கழட்டணும், கழட்டற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் லேபர் சார்ஜ் ஓடும். இந்த ஒரு கட்டத்துல ஹார்லிதான் ராஜா, ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கறதால இடைவெளிய அதுவே சரி பண்ணிக்கும், வால்வு அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது. ஆனா அதுல எஞ்சினுக்கு, கியர்பாக்ஸுக்கு, பிரைமரிக்குன்னு (எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கிற செயின் பெட்டி) மூணு இடத்துல தனித்தனியா ஆயில், சர்வீஸ் 5,000 மைலுக்கே வந்துடும். விங்குக்கு ஆயில் 8,000 மைல், பிஎம்டபிள்யூவுக்கு 6,000. ஒரு நீண்ட டூரோட நடுவுல ஆயில் மாத்தணுமா வேண்டாமான்னு இந்த நம்பர்தான் முடிவு பண்ணும். விங்ல சென்டர் ஸ்டாண்ட் போட்டு நானே வீட்டு கராஜ்ல மாத்திடறேன்.

டயர்லதான் விங்குக்கு ஒரு நிஜமான குறை. 2018 மாடல்ல இருந்து பின் டயர் 200/55 ஆர் 16, இந்த சைஸ் வேற வண்டிங்கள்ல கிடைக்கறது அபூர்வம். நியூ மெக்சிகோ நடுவுல ஒரு சின்ன ஊர்ல ஆணி ஏறி பக்கச்சுவர் கிழிஞ்சா, டயர் வர ரெண்டு மூணு நாள் மோட்டல்ல உட்கார வேண்டியதுதான். பிஎம்டபிள்யூ பின் டயர் 190/55 பதினேழு இன்ச், ஸ்போர்ட்ஸ் பைக் சைஸ், எங்கயும் தொங்கும். ஆனா இவ்வளவு கனமான வண்டிக்கு ஜிடி ரகம்னு உறை பலப்படுத்தின டயர்தான் போடணும், அது எல்லா கடையிலயும் இருக்காது, அவசரத்துக்கு சாதா டயர் போட்டு வீடு வந்து சேரலாம்னு சொல்றவங்க இருக்காங்க, பின்னாடி ஆள வச்சுக்கிட்டு நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆயுசுன்னு பார்த்தா விங் டயர் நல்லாவே கூட வருது, என் நண்பர் கே 1600ல பின் டயர் மாத்தறப்ப எல்லாம் என்னோடது இன்னும் பாதி இருக்கும், அவர் ஓட்டற வேகமும் அதுக்கு ஒரு காரணம்னு வச்சுக்கோங்க. டயர் காசு மிச்சம் பண்ண சில விங்காரங்க பின்னாடி கார் டயரே போடறாங்க, டார்க்சைடுன்னு அதுக்குப் பேரு, பல கடைக்காரங்க மாட்டித் தரவே மாட்டாங்க. வளைவுல சாயற வண்டிக்கு தட்டையான டயர், எனக்கு மனசு ஒப்பல.

அப்புறம் டீலர். ஹோண்டா கடையும் ஹார்லி கடையும் சின்ன ஊர்லயும் இருக்கும். பிஎம்டபிள்யூ டீலர் பெரிய ஊர்லதான். யூட்டா, நெவாடா பக்கம் போனீங்கன்னா வண்டிய டிரக்ல ஏத்தி எவ்வளவு தூரம் அனுப்பணும்னு மேப்ப ஒரு தடவை பாருங்க. என் மனசு விங்குக்கு முழுசா சாஞ்சது இங்கதான்.

பிஎம்டபிள்யூவுக்கு நியாயமா சேர வேண்டியதையும் சொல்லிடறேன். டேங்க் 26.5 லிட்டர், விங்குக்கு 21தான். நெவாடாவுல யுஎஸ் 50 ஹைவேல ஃபேலன்ல இருந்து ஆஸ்டின் வரைக்கும் 110 மைல், அதுக்கு விங் தாராளம், ஆனா எதிர்காத்துல 80 மைல் வேகத்துல போனா மைலேஜ் சர்ருன்னு இறங்கும், அப்ப கேஸ் ஸ்டேஷன் எங்க எங்கன்னு கண்ணு தேடும். சைடு பெட்டிய பிஎம்டபிள்யூல கழட்டி ரூமுக்குக் கொண்டு போயிடலாம், விங்ல அது வண்டியோட ஒட்டினது, உள்ள பை வச்சுதான் எடுக்கணும். தனியா ஓடறவரா, வேகம் பிடிக்குமா, வீட்டுக்கு அரை மணி தூரத்துல டீலர் இருக்காரா, தயங்காம கே 1600 எடுங்க.

பின்னாடி உட்கார ஆள் இருந்தா விங், அதுலயும் யூஸ்டுல தேடறவங்க 2021 மாடலோ அதுக்கு அப்புறம் வந்ததோ பாருங்க. மேல் பெட்டி 50 லிட்டர்ல இருந்து 61 ஆச்சு, பின் சீட் சாய்மானத்தையும் நல்லா சாய்ச்சு வச்சிருக்காங்க. பழைய மாடல்ல சாயந்தரம் ஆனா இடுப்பு வலிக்குதுன்னு சொன்ன என் வீட்டம்மா, 2021ல உட்கார்ந்து பார்த்துட்டு இதையே எடுங்கன்னு சொல்லிட்டாங்க. வாங்கறதுக்கு முன்னாடி அவங்கள கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரமாவது உட்கார வச்சு ஓட்டிப் பாருங்க, டயர் பக்கவாட்டுல நாலு இலக்கத்துல டயர் தயாரான வாரமும் வருஷமும் போட்டிருக்கும், அதையும் படிச்சுட்டு விலை பேசுங்க.