‘37.5 டிகிரி காயில்’ என்று விற்றால் வாங்காதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டி, செய்யச் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 1,250 ரூபாயும் 32 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகளும் போயின.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. தெர்மோகோல் பெட்டிக்குள் 40 வாட் பல்பும், சூடு ஏறினால் அணைத்து இறங்கினால் போடும் தெர்மோஸ்டாட் போர்டும் வைத்துத்தான் குஞ்சு பொரிக்கிறேன். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் பேட்டரியில் ஓட ஒரு சின்ன ஹீட்டர் காயில் இருந்தால் நிம்மதி என்று கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எடுத்து வைத்த காயிலில் ஸ்டிக்கர்: 12 வோல்ட், 24 வாட், 37.5 டிகிரி. “நிக்ரோம் கம்பிக்கா. இதுக்கு மேல சூடு ஏறவே ஏறாது, முட்டைக்குன்னே செஞ்சது” என்றார். நிக்ரோம் என்பது ஹீட்டருக்குப் போடுகிற நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பி. கூடவே 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று. ராத்திரி முழுக்கத் தாங்குமாம். அங்கேயே இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். சூடு சுள்ளென்று ஏறியது. அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் பட்டது!

கம்பிக்கென்று தனியாக ஒரு டிகிரி கிடையாது. உள்ளே போகிற வாட்டும், பெட்டிச் சுவர் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் வெளியேறுகிற சூடும் எங்கே சமமாகிறதோ அங்கேதான் பெட்டியின் சூடு நிற்கும். ஒரே காயில் சித்திரை மதியத்தில் ஒரு சூடு தரும், மார்கழி விடியலில் வேறு சூடு தரும். அதைக் கட்டுக்குள் வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முட்டை வைத்த ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன், 27 முட்டைகளில் நரம்பு ஓடியிருந்தது, கரு வளர்கிறது என்று அர்த்தம். ஒன்பதாம் நாள் ராத்திரி மழையில் கரண்ட் போனது. காலையில் பெட்டியைத் திறந்தால் காயில் பக்கத்துத் தெர்மோகோல் உருகிக் குழிந்திருந்தது. தெர்மாமீட்டரில் பதிவான உச்சம் 51 டிகிரி. பேட்டரியும் செத்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் முட்டைகளை எடுத்துப்போய்த் தென்னைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தாள்.

என் கொழுந்தன் எலக்ட்ரீஷியன். மல்டிமீட்டரை வைத்துக் கம்பியின் மின்தடையைப் பார்த்துவிட்டு, “அண்ணி, இது 1.3 ஓம்தான் காட்டுது” என்றான். 12 வோல்ட்டில் 24 வாட் வேண்டுமென்றால் 12-ஐ 12-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும்: 6 ஓம். இதில் 1.3 ஓம் என்றால் தொடக்கத்திலேயே 9 ஆம்பியர், 100 வாட்டுக்கு மேல். அந்தக் கரண்ட்டில் தெர்மோஸ்டாட் போர்டில் சுவிட்சாக வேலை செய்கிற ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன, காயில் அணையவே இல்லை. காந்தத்தைக் காட்டினால் கம்பி ஓடிவந்து ஒட்டியது. சாதாரண இரும்புக் கம்பி! நிக்ரோமின் மின்தடை இரும்பைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு, நல்ல நிக்ரோம் காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தை மட்டும் நம்பியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், காந்தல் என்கிற நல்ல ஹீட்டர் கம்பியும் ஒட்டும். மீட்டர்தான் சாட்சி.

பேட்டரியை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம்: 1.4 கிலோ. ஒழுங்கான 12 வோல்ட் 7 ஏ.எச். லெட் பேட்டரி இரண்டு கிலோவாவது இருக்கும். அது ஒழுங்கானதாகவே இருந்தாலும் கணக்குப் பாருங்கள். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி, 24 வாட் தொடர்ந்து எரிந்தால் மூன்றரை மணி நேரம். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு மணிக்கும் குறைவு. ராத்திரி முழுக்க எங்கே தாங்குவது?

காயிலைத் திருப்பிக் கொண்டுபோனேன். “நீங்க கனெக்‌ஷன் மாத்திக் குடுத்திருப்பீங்க. எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாதுக்கா.” 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம் என்று பார்த்தால் என் கையில் இருந்தது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. பில் கேட்டிருக்க வேண்டும், தப்பு என் மேலும்தான்.

அப்புறம், பெட்டிக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கொழுந்தன் சொன்னபடி பார்த்தோம். வண்டி இண்டிகேட்டரின் 12 வோல்ட் 21 வாட் பல்பைக் காலிப் பெட்டிக்குள் எரியவிட்டு, சூடு ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருந்தோம். வெளியே 28, உள்ளே 46. 21 வாட்டுக்கு 18 டிகிரி ஏற்றம், அதாவது டிகிரிக்குச் சுமார் 1.2 வாட். மார்கழி ராத்திரி 21 டிகிரி என்று வைத்தால் 37.5-க்கு 20 வாட் வேண்டும். 24 வாட் எடுத்துக்கொண்டோம், மிச்சத்தைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

6 ஓமுக்கு மெல்லிசான 28 கேஜ் நிக்ரோம் 60 சென்டிமீட்டரே போதும். ஆனால் அத்தனை சூடும் அந்தச் சின்னக் கம்பியிலேயே கிடந்து தெர்மோகோலை உருக்கிவிடும். அதனால் அதைவிடத் தடித்த 22 கேஜ், 2.2 மீட்டர் வாங்கினோம். அதே 6 ஓம், அதே 24 வாட், சூடு மட்டும் பரவலாக. ஓட்டுச் சில்லில் சுற்றி, சின்ன ஃபேன் காற்று படும்படி வைத்தாயிற்று. இரண்டு ஆம்பியர்தான், ரிலே சூடாவதில்லை.

போன வாரம் அந்தக் கடை வழியாக வந்தேன். முன்னால் தொங்குகிற அட்டையில் அதே காயில்கள், அதே 37.5 ஸ்டிக்கர்.