பழைய சொகுசுக் காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: சேலத்தில் எங்களுக்கு நடந்தது

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றைப் புதிய சிறிய கார் விற்கும் விலைக்கே வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் சேலத்துக் கார் கன்சல்டிங்குகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள், டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். மீட்டர் குறைக்கப்பட்ட ஒரு வண்டியை எங்கள் குடும்பத்தின் தலையில் கட்டப் பார்த்தார்கள். வண்டி எங்கள் கைக்கு வரவில்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயைத் திரும்பப் பெறுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல, இன்னும் முழுமையாக வந்து சேரவும் இல்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் கையாண்ட முறையைத் தெரிந்துகொள்வதுதான் வாங்குபவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வண்டி தேவைப்பட்டது என் தாய்மாமாவுக்கு. ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, மருத்துவமனைக்காகச் சேலம் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பழைய ஜீப்பில் கடப்பது பெரும் வேதனையாகிவிட்டது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய செடான் ஒன்று கிடைத்தால் குலுங்காமல் போய்வரலாம் என்று தேடியபோதுதான் இந்த வண்டி கண்ணில் பட்டது. 2012 மாடல், டீசல், மீட்டரில் 61,000 கிலோமீட்டர், விலை பதினொன்றரை லட்சம். “டாக்டர் ஓட்டின வண்டி சார், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாரு, எல்லாம் கம்பெனி சர்வீஸ்” என்றார் விற்பனையாளர். மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, ஏற்காடு ரோட்டுல ஒரு தடவை ஏத்தி இறக்கிப் பாத்துக்கட்டுமா?” அதற்குக் கிடைத்த பதில், “மலைக்கெல்லாம் அனுப்பறதில்லீங்க ஐயா, ஐந்து ரோட்டுல இருந்து கொண்டலாம்பட்டி வரைக்கும் ஓட்டிப் பாத்துக்குங்க” என்பது.

இந்த மறுப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். முப்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரம் ஏறும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவமும் கியர்பாக்ஸ் ஆயிலும் நகரத்துச் சாலையில் ஒருபோதும் எட்டாத சூட்டை எட்டுகின்றன. வயதான கூலிங் சிஸ்டத்தில் பிளாஸ்டிக் இணைப்புகள் கசியத் தொடங்குவதும், ஆட்டோமேட்டிக் கியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வெட்டி இழுப்பதும் அந்தச் சூட்டில்தான் வெளியே தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் ஆக்சில் மூட்டுகள் தேய்ந்திருந்தால் டக் டக் என்ற ஓசை கேட்கும். இறங்கும்போது பிரேக் டிஸ்க் கோணியிருந்தால் பெடல் காலுக்கு அடியில் துடிக்கும். சேலத்துக்காரர்களான நமக்கு வீட்டு வாசலிலேயே இப்படி ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. எரிபொருள் செலவை நாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியும் அங்கே வண்டியை விடமாட்டேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

மலைக்கு விடமாட்டோம், ஆனால் கோயம்புத்தூரில் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் வேண்டுமானால் காட்டிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் போட வேண்டும், சோதனையில் பிடிக்கவில்லை என்றால் பணத்தை அப்படியே திருப்பித் தந்துவிடுவோம் என்றார்கள். பணம் வங்கி வழியாகச் சென்றது. ரசீது வந்தபோது சோதனை பற்றிய வாசகம் அதில் இல்லை. கேட்டதற்கு, “அது வாய்ச்சொல்லே போதும் சார், நாங்க என்ன ஓடியா போகப் போறோம்” என்றார்கள்.

வண்டியை எடுக்கக் குறிப்பிட்ட நாளில், கோயம்புத்தூரில் காலையிலேயே விட வேண்டும் என்பதால் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே நாங்கள் போய் நின்றோம். அப்போது பார்த்த காட்சியை விளக்கமாகச் சொல்ல வேண்டும். முன்பு பார்த்தபோதெல்லாம் சமமாக நின்ற வண்டி, அன்று இடது முன்பக்கம் தரையை நோக்கிப் படுத்திருந்தது. அந்தச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் என் ஒரு விரல்கூட நுழையவில்லை, வலப்பக்கத்தில் நான்கு விரல்கள் தாராளமாக நுழைந்தன. கடைப் பையன் ஓடிவந்து எஞ்சினைக் கிளப்பினான். அடியில் கம்ப்ரெசர் இரைய, வண்டி மெல்ல மெல்ல எழுந்து சமமாயிற்று. ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பைக்குள் அடைத்த காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது. பத்து ஆண்டில் ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தால் இரவில் அந்த மூலை இறங்கிவிடும். கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரெசரும் எரிந்துபோகும். வாடிக்கையாளர் வருவதாகத் தொலைபேசியில் சொன்னதுமே கடையில் வண்டியைக் கிளப்பி நிறுத்தி வைத்துவிட்டால், பகலில் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. எனவே இந்த வகை வண்டியைச் சொல்லாமல் கொள்ளாமல், அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே பார்க்க வேண்டும். போனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

புறப்படும் வழியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். குறைகளைக் காட்டும் எச்சரிக்கைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. நாங்கள் நிம்மதியடையும் முன்பே அவர் திரையில் வேறொரு வரியைக் காட்டினார். குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் வண்டி ஓடிய தூரம் என்று ஒரு கணக்கை எஞ்சின் கம்ப்யூட்டர் தானாகவே வைத்திருக்கிறது, அதில் 9 கிலோமீட்டர் என்று இருந்தது. “அண்ணா, இது நேத்துத்தான் அழிச்சிருக்காங்க. கொஞ்ச தூரம் ஓடட்டும், எல்லாம் திரும்பி வந்துரும்” என்றார். அப்படியே ஆயிற்று. பெருந்துறையைத் தாண்டும்போது சஸ்பென்ஷன் எச்சரிக்கையும், அவிநாசிக்கு முன்னால் எஞ்சின் விளக்கும் எரிந்தன. கடைக்காரர் அனுமதித்த கொண்டலாம்பட்டி ஓட்டம் ஏன் அவ்வளவு குறுகியதாக இருந்தது என்பது அப்போது விளங்கிற்று. குறைகளைக் கம்ப்யூட்டர் மறுபடி கண்டுபிடித்துப் பதிவதற்கு அந்தத் தூரம் போதாது.

கோயம்புத்தூரில் பணம் கட்டிச் சோதனைக்கு விட்டபோது முழு உண்மையும் தெரியவந்தது. 17 எழுத்து, எண் கொண்ட சேசிஸ் எண்ணை வைத்து அவர்கள் பழைய பதிவைத் தேடினார்கள். 2019-ஆம் ஆண்டு செய்த கடைசி சர்வீஸிலேயே வண்டி 1,38,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மீட்டர் பெட்டியில் எண்ணை மாற்றினாலும், நிறுவனத்தைப் பொறுத்துச் சாவியிலும் கியர்பாக்ஸ் யூனிட்டிலும் வேறு சில யூனிட்டுகளிலும் கிலோமீட்டர் தனியாகப் பதிந்திருக்கும் என்பதை மீட்டர் குறைப்பவர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. முன்பக்க ஏர் ஷாக் இரண்டு, கம்ப்ரெசர், கியர்பாக்ஸ் வேலை, கூலன்ட் கசிவு எல்லாம் சேர்த்து அவர்கள் கொடுத்த மதிப்பீடு நான்கே முக்கால் லட்சம் ரூபாய். இடப்பக்கப் பின் கதவின் கண்ணாடியில் மட்டும் தயாரிப்பு ஆண்டின் குறி மற்றக் கண்ணாடிகளிலிருந்து வேறுபட்டிருந்ததையும், அந்தக் கதவில் பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி போட்டிருந்ததையும் அங்கிருந்த ஊழியர் காட்டினார்.

வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது என்பதற்குக் கடையில் எங்களுக்குத் தந்த இன்சூரன்ஸ் நகலிலேயே ஒரு தடயம் இருந்தது. விபத்துக்கான கிளைம் எதுவும் எடுக்காத உரிமையாளருக்கு நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை ஏறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்ததாகச் சொல்லப்பட்ட வண்டியின் பாலிசியில் அது பூஜ்யம். வண்டி அண்மையில் கைமாறியிருந்தாலும் பூஜ்யம் வரலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்கான விளக்கத்தை விற்பவர் தாளோடு காட்ட வேண்டும்.

திரும்பி வந்து வண்டி வேண்டாம் என்றபோது கடையின் பேச்சே மாறியது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த “முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்ற வரியைக் காட்டினார்கள். உங்களுக்காக வண்டியை நிறுத்தி வைத்ததால் வேறு பார்ட்டி கைவிட்டுப் போய்விட்டது என்றார்கள். மாமாவைப் போன்ற வயதானவரைக் கடையில் நாற்காலிகூடப் போடாமல் நிற்க வைத்துப் பேசியதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வழக்கறிஞர் நோட்டீஸ், சர்வீஸ் மையத்தின் அறிக்கை, ஸ்கேனர் திரையின் படம், வாட்ஸ்அப்பில் அவர்களே அனுப்பியிருந்த “61,000 ஒரிஜினல்” என்ற செய்தி ஆகியவை சேர்ந்துதான் வேலை செய்தன. எண்பத்தைந்தாயிரம் வந்தது. வண்டியை நிறுத்தி வைத்ததற்கான கட்டணம் என்று பிடித்துக்கொண்ட மீதி பதினைந்தாயிரத்துக்காகத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே புகார் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசினால் வழி சொல்கிறார்கள். இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றைக் கேட்பது உங்கள் உரிமை.

அதே கடையில் டெல்லிப் பதிவெண்ணோடு சில டீசல் வண்டிகளும் நின்றன. தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு அங்கிருந்து அப்படிப்பட்ட வண்டிகள் குறைந்த விலைக்குத் தெற்கே வரத் தொடங்கின. என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று கையில் இருக்கிறது என்பதோடு விற்பவரின் பேச்சு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவும் அலைச்சலும் வாங்குபவர் தலையில்தான் விழும்.

அப்படியானால் இத்தகைய வண்டியை வாங்கவே கூடாதா என்று மாமா கேட்டார். கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை என்பதை ஏற்றுக்கொள்பவர் வாங்கலாம். வேலைக்கூலியும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில், உள் பாகங்களை ஒன்றோடொன்று ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது. செயின் ஒன்றை மாற்றுவதற்கே பெரிய பெரிய பாகங்களைக் கழற்றி இறக்க வேண்டும். ஆயுள் முழுவதும் கியர் ஆயில் மாற்ற வேண்டியதில்லை என்று கார் விற்பவர்கள் சொல்வார்கள், ஆனால் பல சொகுசுக் கார்களுக்கு அந்த கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. வாங்கும் விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தொகை வங்கியில் தனியாக இருந்தால் மட்டுமே இறங்குங்கள் என்பது என் கருத்து. மாமா கடைசியில், ஏற்காட்டிலேயே தெரிந்தவர் ஒருவர் முதல் உரிமையாளராக வைத்திருந்த சாதாரண செடானை, மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு வாங்கினார்.

ஆனாலும் மனம் சொகுசுக் காரில்தான் நிற்கிறது என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் கடையின் முத்திரையோடும் உரிமையாளரின் கையெழுத்தோடும் கீழே உள்ள வாசகத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சேசிஸ் எண்ணைக் கடைக்காரர் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான ஜெர்மன் கார்களில் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெளியிலிருந்தே அதைப் படித்துக்கொள்ளலாம். எழுதித் தர மறுக்கும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எங்கள் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

“மேற்கண்ட சேசிஸ் எண்ணுள்ள வண்டியின் மீட்டரில் காணும் கிலோமீட்டர் உண்மையான அளவே என்று உறுதி கூறுகிறோம். வாங்குபவர் தம் செலவில், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் இவ்வண்டியைச் சோதித்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம். சோதனையின் முடிவு அவருக்குத் திருப்தியளிக்காவிட்டால், பெற்றுக்கொண்ட முன்பணம் முழுவதையும் எந்தப் பிடித்தமும் இன்றி ஏழு நாட்களுக்குள் அவருடைய வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துவோம்.”